கேட்கமாட்டார்கள்: ஒரே குடும்பம், இரண்டு நவக்கிரகப் பயணங்கள்

2023 மே மாதம் ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். ஐந்தாவது கோயில் வாசலில் அம்மா விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. 2025 பிப்ரவரியில் அதே அம்மாவையும் அப்பாவையும் அதே பக்கம் மறுபடி கூட்டிப்போய் நல்லபடியாகத் திரும்பினோம். இரண்டு தடவையும் என்ன செய்தோம், எதை மாற்றினோம், மாற்றியும் எது தவறியது என்பதை விவரமாக எழுதுகிறேன். வீட்டில் எழுபது தாண்டிய பெரியவர்களை வைத்துக்கொண்டு "இந்த லீவுக்கு எங்கேயாவது கூட்டிப்போகணும்" என்று யோசிக்கிற யாருக்காவது உதவட்டும்.

முதல் பயணத்தின்போது அம்மாவுக்கு 72 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம், ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, அதோடு சேர்த்து நீர் பிரிவதற்கான மருந்து. அப்பாவுக்கு 78. இருபது வருஷ சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின், புராஸ்டேட் வீக்கம் இருப்பதால் ராத்திரி மூன்று முறையாவது எழுந்துபோக வேண்டும். இருவருமே வீட்டுக்குள் நன்றாக நடமாடுகிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள், பார்த்தால் யாரும் நோயாளி என்று சொல்லமாட்டார்கள். இதை முதலில் சொல்லக் காரணம், நாங்கள் ஏமாந்ததே இந்த இடத்தில்தான். வீட்டில் நன்றாக இருப்பவர் வெளியிலும் நன்றாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டோம்.

மே 2023: ஒரே நாளில் ஒன்பது

சொந்தக்காரர்கள் பதினொரு பேர், ஒரு டெம்போ டிராவலர் வேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குச் சென்னையில் கிளம்பினால் விடிவதற்குள் கும்பகோணம், அங்கே ஒரு லாட்ஜில் இரண்டு ரூம் போட்டுக் குளித்துவிட்டு ஆறு மணிக்கு முதல் கோயில். சனிக்கிழமை சாயங்காலம் திருநள்ளாறில் சனீஸ்வரனைப் பார்த்துவிட்டு ராத்திரியே சென்னை. ஆளுக்கு எவ்வளவு குறைவாகச் செலவாகும் என்று கணக்குப் போட்டு எல்லோரும் சந்தோஷப்பட்டோம், நானும்தான்.

இந்தச் சுற்றை ஒரே நாளில் முடிக்க முடியாது என்றில்லை. கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகமே 2024இல் சனி, ஞாயிறுகளில் விடிகாலை கிளம்பி இரவு திரும்பும் நவக்கிரகப் பேருந்தை 750 ரூபாய் கட்டணத்தில் தொடங்கியது. திடகாத்திரமானவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. சிக்கல் தூரத்தில் இல்லை, நடை சாத்தும் நேரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அதனால் ஒன்பதில் ஐந்தாவது மதியத்துக்குள் முடியவேண்டும், இல்லையென்றால் சாயங்காலம் எல்லாம் சரிந்துவிடும். ஆக காலையில் இருந்தே ஓட்டம்தான். திங்களூர் மேற்கே திருவையாற்றுக்குப் பக்கத்தில், ஆலங்குடி தெற்கே, திருநாகேஸ்வரமும் சூரியனார்கோவிலும் கஞ்சனூரும் கிழக்கே. கும்பகோணத்தை நடுவில் வைத்துக்கொண்டு வேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைகிறது, ஒவ்வொரு கோயிலிலும் இறங்கி, ஓடி, கும்பிட்டு, மறுபடி ஏறி. டெம்போ டிராவலரின் படி எவ்வளவு உயரம் என்று முட்டி வலிக்கிறவர்களைக் கேளுங்கள். ஐந்து கோயில் என்றால் அந்தப் படியில் பத்துமுறை.

கும்பகோணம் லாட்ஜில் பதினொரு பேருக்கு இரண்டு கழிப்பறை, ஒரு மணி நேரம். இளசுகள் முந்திக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்லமாட்டேன், அம்மாவே "நீங்க போங்க, நான் அப்புறம் போறேன்" என்று சொல்லிச் சொல்லி எல்லோரையும் அனுப்பினாள். அந்த அப்புறம் வரவே இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தார், அம்மா முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ஏறிவிட்டாள்.

ஆறு மணிக்குத் திங்களூர். அப்பூதி அடிகள் வாழ்ந்த ஊர், வழிப்போக்கர்களுக்காகத் திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் அவர். அக்கா வேனுக்குள் அந்தக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள், பக்கத்து சீட்டில் அம்மா முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒரு டம்ளர் காபியைத் தவிர எதுவும் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

பதினொன்றே முக்காலுக்குக் கஞ்சனூர். கத்திரி வெயில், கல் தரை கொதிக்கிறது, செருப்பில்லாத காலோடு நடை சாத்துவதற்குள் போகவேண்டும் என்று வேகமாக நடக்கவைத்தோம். தரிசனம் முடிந்தது. அம்மா வாசலுக்குப் பக்கத்தில் நிழலில் கொஞ்சம் உட்கார்ந்தாள். "கிளம்பலாமா" என்று யாரோ கேட்டதும் சட்டென்று எழுந்தாள், நிலைப்படியைத் தாண்டக் காலைத் தூக்கினாள், அப்படியே சாய்ந்து வலது கையை ஊன்றி விழுந்தாள். கண் ஒரு நிமிடம் சொருகிப்போய்த் திரும்பி வந்தது.

அதே வேனில் கும்பகோணத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மணிக்கட்டில் முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. ரத்த அழுத்தம் படுத்திருக்கும்போதே குறைவு, உட்காரவைத்தால் இன்னும் இறங்கியது. டாக்டர் டிரிப் ஏற்றச் சொல்லிவிட்டு எங்களைக் கூப்பிட்டு விளக்கினார். வயதானால் தாகம் எடுப்பதே குறைந்துவிடும், அதோடு இவர் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்கவில்லை, ஆனால் காலையில் நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்த பிரஷர் மாத்திரையை வெறும் வயிற்றில் தவறாமல் போட்டிருக்கிறார், வெயிலில் வேர்த்தும் இருக்கிறது, இந்த நிலையில் உட்கார்ந்தவர் திடீரென்று எழுந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் ஒரு கணம் குறையும், தலை சுற்றும், விழுவார். விழுந்தது இடுப்பெலும்பு இல்லாமல் கையோடு போனதே உங்கள் நல்ல நேரம் என்றார்.

"ஏம்மா தண்ணி குடிக்கல?" என்று நான் கேட்டபோது அம்மா "தாகமே எடுக்கலடா" என்றாள். ராத்திரி அக்காவிடம்தான் உண்மையைச் சொன்னாள். வேனில் ஆண்பிள்ளைகள் எல்லாம் இருக்கும்போது அடிக்கடி நிறுத்தச் சொல்ல வெட்கம். நிறுத்தினாலும் வழியில் இருப்பது உட்கார்ந்து எழ முடியாத இந்திய முறைக் கழிப்பறை, முட்டி மடங்காது, ஈரத்தரையில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. அதைவிடக் குடிக்காமலே இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறாள். அப்புறம் அழுதாளாம், "என்னால எல்லாருக்கும் கெட்டுப்போச்சு, நாலு கோயில் நின்னுபோச்சு" என்று.

அந்த ஒரு வாக்கியம் எனக்கு இரண்டு வருஷம் தூக்கத்தில் வந்துகொண்டிருந்தது. கை முறிந்தது அவளுக்கு, மன்னிப்புக் கேட்பதும் அவள்.

எங்கே தப்பு நடந்தது

வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மே மாதம் போயிருக்கக்கூடாது, வேன் சரியில்லை, ஒரே நாளில் அத்தனை கோயில் கூடாது. எல்லாம் சரிதான். ஆனால் நானும் அக்காவும் நிதானமாக உட்கார்ந்து அந்த நாளை மணி மணியாக எழுதிப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எத்தனையோ இடத்தில் அம்மா வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. லாட்ஜில், வேனில், வரிசையில், வெயிலில். நாங்களும் "ஏதாவது வேணும்னா சொல்லும்மா" என்று பத்து தடவை சொன்னோம். எங்கள் திட்டமே அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது, வேண்டுமென்றால் அவர்கள் கேட்பார்கள் என்று.

கேட்கமாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாரமாக இருந்துவிடக்கூடாது என்ற நினைப்பு அந்தத் தலைமுறையில் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. பத்துப்பேர் காத்திருக்கும்போது தன் ஒருத்திக்காக வண்டியை நிறுத்தச் சொல்ல அம்மாவுக்கு வாய் வராது. அப்பா வேறு மாதிரி, அவருக்கு இயலாமையை ஒத்துக்கொள்ளக் கௌரவம் விடாது. ஆகவே அடுத்த முறை என்ன செய்தாலும் அவர்கள் கேட்கவேண்டிய தேவையே வராதபடி செய்யவேண்டும் என்று முடிவெடுத்தோம். கீழே சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

இரண்டாம் பயணத்துக்கு முன்னால்

முதலில் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டோம், சேர்த்துவைத்துக் கேட்டால் ஒருவர் மற்றவருக்காக விட்டுக்கொடுத்துவிடுவார்கள். அம்மாவுக்கு ஒன்பதையும் முதலிலிருந்து சுற்றும் ஆசை இல்லை. நின்றுபோன நாலு மட்டும், அதோடு கஞ்சனூர். "விழுந்த எடத்துல ஒரு தடவ நல்லபடியா நின்னு கும்பிடணும்" என்றாள். அப்பாவுக்கு ஒரு நாளாவது அவசரமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கவேண்டும், அவ்வளவுதான். ஒரே நாளில் ஒன்பது என்றிருந்த திட்டம் நாலு நாளில் ஐந்து என்று ஆனது அவர்கள் வாயாலேயே.

தேதிக்குப் பஞ்சாங்கத்தையும் வானிலையையும் சேர்த்துப் பார்த்தோம். வெயில் மாதங்கள் வேண்டாம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவில் மழை. தை, மாசியில் போகலாம், ஆனால் 2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11, மகா சிவராத்திரி 26, மாசி மகம் மார்ச் 12. நடுவில் 17 முதல் 22 வரை ஒரு காலியான வாரம் கிடைத்தது. அதற்குள்ளும் கிழமை பார்த்தோம். செவ்வாய்க்கிழமை வைத்தீஸ்வரன்கோவிலில் கூட்டம், புதன்கிழமை திருவெண்காட்டில், சனிக்கிழமை திருநள்ளாற்றைச் சொல்லவே வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு கிழமை தள்ளிப் போட்டோம்: செவ்வாய் கஞ்சனூர், புதன் வைத்தீஸ்வரன்கோவில், வியாழன் திருவெண்காடும் கீழப்பெரும்பள்ளமும், வெள்ளி திருநள்ளாறு. சனீஸ்வரனைச் சனிக்கிழமை பார்க்காவிட்டால் பலன் உண்டா என்று அம்மா தயங்கினாள். "வெள்ளிக்கிழமையும் அவர் அங்கேதான் இருப்பார்" என்று அப்பா சொன்னதும் சமாதானமானாள்.

தங்குவதற்கு மயிலாடுதுறை ஒரே ஊர். ஐந்து கோயிலும் அங்கிருந்து ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால் மணி நேரத்தில் எட்டிவிடும். நாளுக்கொரு லாட்ஜ் மாறினால் நாளுக்கொரு புதுக் குளியலறை, ராத்திரி மூன்றுமுறை எழுகிறவருக்கு இருட்டில் புது இடம்தான் பெரிய ஆபத்து. லாட்ஜுக்குப் போன் பண்ணிக் கேட்பதில் ஒரு பாடம் கற்றோம். "லிஃப்ட் இருக்கா" என்றால் இருக்கு என்பார்கள், உண்மையில் இருக்கும், ஆனால் லிஃப்டுக்குப் போக ஏழு படி ஏறவேண்டும். "வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா" என்றால் இருக்கும், ஆனால் குளியலறை வாசலில் முக்கால் அடிக்கு ஒரு திண்டு. அதனால் கேள்வியை மாற்றினோம்: காரிலிருந்து இறங்கும் இடத்தில் ஆரம்பித்துக் கட்டில் வரைக்கும், அப்புறம் கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் நடந்துகொண்டே ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா? மூன்று இடம் மறுத்துவிட்டார்கள். நாலாவது இடத்தில் ஒரு பையன் பொறுமையாக எடுத்து அனுப்பினான், தரைத்தளம், படி இரண்டுதான், சொரசொரப்பான தரை, கட்டிலுக்குப் பக்கத்திலேயே விளக்கு சுவிட்ச். அங்கேதான் போட்டோம்.

ரயில் டிக்கெட்டில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுபோனது, ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது, 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும். ஒரு டிக்கெட்டில் அந்த வயதுக்காரர்கள் தனியாகவோ இருவராகவோ இருந்தால்தான் அது. குடும்பமே ஒன்றாகப் போகிறோம் என்று நாலு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது, எண்பது வயதுக்காரருக்கு மேல்படுக்கை விழுந்தாலும் விழும். அப்பா அம்மாவுக்குத் தனி டிக்கெட் போட்டு, எனக்கும் அக்காவுக்கும் வேறொன்று போட்டோம். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவே 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்பு 120 நாள், அதனால் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு அன்று காலையிலேயே போட்டுவிடுவது நல்லது. ராத்திரி வண்டியைத் தவிர்த்து சோழன் எக்ஸ்பிரஸில் போனோம். காலையில் எழும்பூர், மதியத்தில் மயிலாடுதுறை. ஓடும் ரயிலில் நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு அப்பா கழிப்பறைக்கு நடப்பதை நினைத்தாலே எனக்குத் திக்கென்றது. பகல் வண்டி என்றாலும் கீழ்ப்படுக்கை கிடைத்ததால் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுத்தார்.

போவதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு ஒத்திகை பார்த்தோம், அரைநாள் காஞ்சிபுரம். இதை நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், தயவுசெய்து செய்யுங்கள். நாங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததெல்லாம் அன்று தெரிந்தது. காரில் உட்கார்ந்து ஒரு மணி பத்து நிமிடம் ஆனால் அம்மாவுக்கு முட்டி இறுகிவிடுகிறது. அப்பாவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை போகவேண்டும். தாழ்வான கார் சீட்டில் இருவருக்குமே எழக் கஷ்டம், உயரமான வண்டியில் ஏறக் கஷ்டம், வீட்டு நாற்காலி உயரத்துக்கு இருக்கும் சீட்டில் பின்பக்கமாக உட்கார்ந்து இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினால் சுலபம். இதை வைத்துத்தான் மயிலாடுதுறையில் எந்த வண்டி வேண்டும் என்று சொன்னோம். அதைவிட முக்கியமானது, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை யாரும் கேட்காமலே வண்டி நிற்கவேண்டும் என்று விதி வைத்தோம். கழிப்பறைக்காக என்று சொல்லமாட்டோம், டீக்கு நிறுத்துகிறோம் என்போம். இறங்கிப் பத்தடி நடந்தாலே கால் ரத்த ஓட்டத்துக்கு நல்லது. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தக்கட்டி வரும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. விமானத்துக்கு மட்டுமில்லை, பேருந்து, ரயில், காருக்கும் இது பொருந்தும்.

பெரியவர்களின் டாக்டரிடம் இரண்டு வாரம் முன்பே போனோம். நாங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பயண நாட்களில் நீர் மருந்தை எப்படி எடுக்கவேண்டும் என்று அவரே சொன்னார், அம்மாவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்றும் அளவு கொடுத்தார், ஏனென்றால் இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த அளவு மாறும். மருந்துகள் எல்லாவற்றையும் மூலப்பெயரோடு (கம்பெனிப் பெயர் இல்லை, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) ஒரு தாளில் எழுதி நாலு பேரிடமும் ஒவ்வொரு பிரதி, போனில் படம். மருந்து இரண்டு செட், ஒன்று அக்கா பையில், ஒன்று என் பையில். திறந்த இன்சுலினை 30 டிகிரிக்குக் கீழே வைத்திருந்தால் சில வாரம் தாங்கும், ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் வீணாகிவிடும், ஆகவே அது எப்போதும் எங்களோடு கையில்தான்.

கடைசியாக டயப்பர் பேச்சு. இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன், அம்மாவே "எழுது, நாலு பேருக்கு உதவும்" என்றாள். நாங்கள் சொன்னபோது கோபப்பட்டாள், இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் எதிர்வீட்டு மாமி, அம்மாவைவிட மூன்று வயது மூத்தவர், "நான் நாலு வருஷமா வெளியூர் போனா போட்டுக்கறேன், புடவைக்குள்ள யாருக்குத் தெரியும்" என்று சாதாரணமாகச் சொன்னார். உள்ளாடை மாதிரியே இழுத்துப் போட்டுக்கொள்ளும் வகை ஒன்று இருக்கிறது. ஆறு நாளில் அதற்கு உண்மையான தேவை ஒரே ஒருமுறைதான் வந்தது. ஆனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில் அம்மா ஆறு நாளும் தண்ணீர் குடித்தாள். என்னைப் பொறுத்தவரை மொத்தத் திட்டத்திலும் அதிகப் பலன் கொடுத்தது இதுதான். அதோடு ஒரு மடக்குக் கமோட் ஸ்டூலும் டிக்கியில் இருந்தது, இந்திய முறைக் கழிப்பறையின் மேல் வைத்துவிட்டால் முட்டியை மடக்கவேண்டாம்.

ஆறு நாள்

ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிதான். ஏழரைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் ஒரு கோயில், பன்னிரண்டுக்குள் ரூமுக்குத் திரும்பிச் சாப்பாடு, நாலு மணிவரை படுக்கை. 2023இல் எங்களை ஓடவைத்த அதே நடை சாத்தும் நேரம் இந்த முறை ஓய்வு நேரமாக ஆனது. கூடப் போனவர்களில் ஒருவர் எப்போதும் தரிசனத்துக்கு வந்தவர் இல்லை என்று வைத்துக்கொண்டோம். அக்கா உள்ளே போனால் நான் அப்பாவோடு, நான் போனால் அவள். இருவரும் சேர்ந்து சாமி கும்பிடவே இல்லை. வரிசையில் உட்கார ஒரு மடக்கு ஸ்டூல், எழும்போது "ஒரு நிமிஷம் உட்கார்ந்த எடத்துலயே காலை ஆட்டிட்டு எழுந்துக்கோ" என்ற பழக்கம். கல் தரைக்குக் காட்டன் காலுறை, எந்தக் கோயிலிலும் எங்களை யாரும் தடுக்கவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைவு, சூடோ முள்ளோ தெரியாது, அதனால் தினம் ராத்திரி அக்கா டார்ச் அடித்து அவர் பாதத்தைப் பார்த்தாள்.

கஞ்சனூரில் அந்த நிலைப்படிக்கு முன்னால் அம்மா நின்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு முதலில் வலது கால், அப்புறம் இடது. உள்ளே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள், நாங்கள் மணி பார்க்கவில்லை. வைத்தீஸ்வரன்கோவிலில் மிளகும் உப்பும் போட்டுவிட்டுத் திருச்சாந்துருண்டை வாங்கிக்கொண்டு மதியம் வந்து நன்றாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை தவறு செய்தோம். திருவெண்காட்டில் மூன்று குளத்தையும் சுற்றிப் பார்த்து நேரமாகிவிட்டது, ரூமுக்குப் போகாமல் சீர்காழியில் ஒரு ஹோட்டலில் சாப்பிடலாம் என்று விதியை மீறினோம். அப்பா சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போடும் இன்சுலினைக் காரிலேயே போட்டுக்கொண்டார். ஹோட்டலில் கூட்டம், இலை விழ முக்கால் மணி நேரம் ஆனது. அப்பாவுக்கு நெற்றியில் வேர்வை, கை நடுக்கம், பேச்சு கொஞ்சம் குழறல். ஊசி குத்திப் பார்த்தால் சர்க்கரை 58, ரொம்பக் குறைவு. குளுக்கோஸ் மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தோம், 94. அதற்குள் சோறு வந்துவிட்டது. வெளியில் சாப்பிடும்போது இன்சுலின் நேரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அங்கிருந்தே டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டு, மீதி நாட்களுக்கு அவர் சொன்னபடி மாற்றிக்கொண்டோம். இவ்வளவு திட்டமிட்டும் ஒரே ஒரு வேளை வழக்கம் மாறியது, அங்கேதான் சறுக்கியது. அன்று சாயங்காலம் கீழப்பெரும்பள்ளம் போகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குத் தள்ளினோம், அதற்கென்றே அந்தச் சாயங்காலத்தைக் காலியாக வைத்திருந்தோம். பெரியவர்களோடு போகும்போது அட்டவணையில் ஒரு வெற்றுப் பொழுது கட்டாயம் வேண்டும்.

திருநள்ளாற்றில் அம்மாவுக்கு நள தீர்த்தத்தில் முழுக்குப் போட ஆசை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிப்பது அங்கே வழக்கம், படியெல்லாம் எண்ணெய்ப் பசை, கீழே ஆளாளுக்கு விட்டுப்போன துணிகள் காலைச் சுற்றும். இளவயதுக்காரர்களே வழுக்கி விழும் இடம். வேண்டாம் என்று சொன்னால் அம்மா கேட்டுக்கொள்வாள், ஆனால் மனதில் குறை இருக்கும். லாட்ஜிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வரச்சொன்னோம், குளக்கரையில் மேல்படியில் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து நான் சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து தலையில் தெளித்தேன். "போதும்டா, நிறைஞ்சுபோச்சு" என்றாள்.

செலவைச் சொல்லவேண்டும். முதல் பயணத்தைவிட ஆளுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு ஆனது, லாட்ஜும் நாலு நாள் காரும்தான் அதில் பெரும்பகுதி. எல்லோராலும் முடியாது என்பது தெரியும். இந்து சமய அறநிலையத்துறை மூத்தவர்களை இலவசமாக அறுபடை வீடுகளுக்கும் காசிக்கும் கூட்டிப்போகிறது, ஆனால் வயது வரம்பு 60 முதல் 70, உதவி அதிகம் தேவைப்படும் எழுபது தாண்டியவர்களுக்கும் இப்படி மெதுவாகப் போகும் ஒரு பயணம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஆசை. பணம் குறைவென்றால் நாளைக் குறைக்காதீர்கள், கோயிலைக் குறையுங்கள். இரண்டு கோயில், இரண்டு ராத்திரி என்றாலும் இதே முறைதான்.

வெள்ளிக்கிழமை மாலை கீழப்பெரும்பள்ளத்தில் கேதுவைப் பார்த்துவிட்டு மயிலாடுதுறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கிளம்பி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, விதிப்படி நிறுத்த இன்னும் நேரம் இருந்தது. அம்மா முன்னால் சாய்ந்து டிரைவரின் தோளைத் தொட்டாள்.

"தம்பி, அங்க ஒரு பெட்ரோல் பங்க் தெரியுது பாரு, கொஞ்சம் நிறுத்துப்பா. பாத்ரூம் போகணும்."

வண்டி நின்றது. அக்கா அம்மாவோடு இறங்கிப் போனாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்துவிட்டு, "திருச்செந்தூருக்கு எந்த மாசம் நல்லா இருக்கும்?" என்று கேட்டாள்.